விரிபாயும் நிலைக்கட்டிலும்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறு மாலை, இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே வசிக்கும் தம்பி இரண்டு வரைபடங்களைக் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தான். முதற்பார்வைக்கு அவை சேக்காட்டில் புதிது புதிதாக எழும்பும் அடுக்ககங்களின் விளம்பரத் தாள்களைப் போலவே தோன்றின. கூடம், சமையலிடம், கழிவறை, படுக்கை என்று எல்லாம் இருந்தன. அகலம் மட்டும் ஏழரை அடி என்று போட்டிருந்தது. அந்த வீட்டுக்கு அடியில் இரண்டு சக்கரங்களும் உண்டு என்பது சற்று நேரம் கழித்துத்தான் புலப்பட்டது. தம்பி கேரவன் வாங்கப் போகிறான்.

நாங்கள் என்று இங்கே எழுதுவது கணவன் மனைவி இருவரையும் சேர்த்து. ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். மற்றவர் வங்கியில் கணக்குப் பார்க்கிறவர். எழுதும் கை தமிழ் நடத்துகிறவருடையதுதான். ஆனால் இதில் வருகிற கணக்குகளெல்லாம் மற்றவர் போட்டவை. ஆகவே தன்மை ஒருமையில் எழுத மனம் வரவில்லை.

நம் பக்கத்தில் கேரவன் என்றால் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவர்கள், செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளங்களுக்குச் செல்லும் அந்தப் பெரிய வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்த பிறகு அச்சொல்லுக்கு இங்கும் வேறொரு பொருள் மெல்லச் சேர்ந்து வருகிறது. ஆயினும் தம்பி சொல்வது இவற்றில் எதுவுமன்று. அதற்கு இயந்திரம் கிடையாது. சொந்தக் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம். அங்கே இது ஒரு பழைய பித்து. 1885ஆம் ஆண்டிலேயே கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் இன்பச் சுற்றுலாவுக்கென்றே ஒரு வண்டி செய்வித்து, இரண்டு குதிரைகள் இழுக்க நாட்டைச் சுற்றினாராம். ‘நாடோடி’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். 1907இல் இத்தகையோருக்கெனச் சங்கமே அமைந்துவிட்டது.

தம்பியின் வினா எளியது. ஒரு வண்டியில் நிலையான படுக்கை இருக்கிறது. மற்றொன்றில் இல்லை, பகலில் இருக்கையாக இருப்பதை இரவில் படுக்கையாக மாற்றிக்கொள்ள வேண்டும். “அண்ணே, மதினி, நீங்க ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்க. அம்மாவும் வருவாங்கல்ல, அதை வச்சுச் சொல்லுங்க” என்று எழுதியிருந்தான். வருகிற கோடையில் அம்மாவை இரண்டு மாதம் அங்கே அழைத்துக்கொள்வதாகத் திட்டம். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது.

கார் வேகமாகப் போகுமா, வண்டி குடை சாயுமா என்பன பற்றியெல்லாம் அவனுக்குக் கேள்வியே இல்லை. படுக்கை ஒன்றே வினா. இதைப் படித்து எங்களில் ஒருவர் சிரித்தார், மற்றவர் சிரிக்கவில்லை. ஏனெனில் அதே வினா எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக விடையின்றிக் கிடக்கிறது.

முதலில் தம்பியின் வரைபடங்களைச் சொல்லிவிடுகிறோம். விரித்துக்கொள்ளும் படுக்கை உள்ள வண்டியில், முன்புறச் சன்னலின் கீழ் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு நீண்ட இருக்கைகள் இருக்கும். நடுவே ஒரு சிறு இழுப்பறைப் பெட்டி. இரவில் அதன் அடியிலிருந்து மரச்சட்டங்களை இரண்டு பக்கத்துக்கும் பாலம்போல இழுத்துவிட்டு, அதன்மேல் இருக்கை மெத்தைகளையும் முதுகு மெத்தைகளையும் சேர்த்து அடுக்கினால் அகன்ற கட்டில் ஆகிவிடும். எந்த மெத்தை எங்கே என்று தெரியாவிட்டால் குழந்தைகளின் வெட்டுப்படப் புதிர் போலத்தான். சேருமிடங்களில் பள்ளம் விழும். மேலே ஒரு மெல்லிய மெத்தை போட்டு மறைப்பார்களாம். காலையில் எல்லாவற்றையும் கலைத்தால்தான் உட்கார இடம் கிடைக்கும்.

நிலையான படுக்கையிலோ அந்தத் தொல்லை இல்லை. பின்பக்கத்தில் கட்டில் எப்போதும் கட்டிலாகவே இருக்கும்; அடியில் பெட்டி படுக்கைகளை வைக்கலாம். அதிலும் வகைகள் உண்டு. நடுவில் போட்டு இரு பக்கமும் நடக்க வழி விடுவது ஒன்று. மூலையோடு மூலையாக ஒட்டி, நடப்பதற்காகக் கால்மாட்டில் ஒரு முனையை வெட்டிவிட்டது இன்னொன்று. இந்த இரண்டாவதில் சுவர்ப்பக்கம் படுத்தவர் நள்ளிரவில் எழ வேண்டுமானால் பக்கத்தில் படுத்தவரைத் தாண்டித்தான் வர வேண்டும். அம்மாவும் பேத்தியும் ஒரே கட்டில் என்றால் இது ஆகாது என்று அப்போதே விலக்கிவிட்டோம்.

இதற்கெல்லாம் விலை இடமும் எடையும். பகல் முழுதும் எவரும் படுக்காத கட்டிலுக்கென்று ஆறடி நீளம் கூடுதலாக வேண்டும். நீளம் கூடினால் எடை கூடும். வண்டியின் முழு எடை காரின் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் போகாதிருப்பது நல்லது என்று புதிதாக இழுப்பவர்களுக்கு அங்குள்ள சங்கத்தார் அறிவுறுத்துகிறார்கள். சட்டமன்று, அறிவுரை. தம்பியின் காருடைய எடை 1400 கிலோ. எங்களில் கணக்குப் பார்ப்பவர் தாளில் பெருக்கிப் பார்த்து 1190 என்றார். நிலைக்கட்டில் வண்டியின் எடை 1450. அம்மா இரண்டு மாதம் படுப்பதற்காக ஒரு கேரவனும் ஒரு காரும் வாங்க வேண்டும் என்று ஆயிற்று.

இனி எங்கள் வீட்டுக் கதை.

நாங்கள் வசிப்பது இரண்டு அறைகளும் ஒரு கூடமும் கொண்ட வீடு. இந்துக் கல்லூரி ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரம். ஓர் அறை எங்களுக்கு, ஓர் அறை மகனுக்கும் அவன் பொறியியல் நூல்களுக்கும். அம்மாவுக்குக் கூடம். அந்த அறையில் படுத்துக்கொள் என்று மகனே பலமுறை சொல்லிவிட்டான். ஆச்சி கேட்டால்தானே. அம்மாவிடம் ஒரு பத்தமடைப் பாய் இருக்கிறது. இரவு ஒன்பதரைக்குத் தொலைக்காட்சியை அணைத்ததும் அதை விரித்து, மேலே ஒரு பவானி ஜமக்காளம் போட்டு, தலையணை வைத்துப் படுப்பார். காலை ஐந்து மணிக்குச் சுருட்டி, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நிறுத்திவிடுவார். அதன்பின் அங்கே ஒருவர் இரவெல்லாம் படுத்திருந்தார் என்பதற்கு ஓர் அடையாளமும் இராது.

வகுப்பில் வினைத்தொகை நடத்தும்போது ஊறுகாய், சுடுசோறு என்று எடுத்துக்காட்டுச் சொல்வது வழக்கம். ‘விரிபாய்’ என்பதும் அப்படிப்பட்ட சொல்தான். விரித்த பாய், விரிக்கின்ற பாய், விரிக்கும் பாய் என்று முக்காலமும் அதனுள் ஒளிந்திருக்கின்றன. கட்டிலுக்கு அந்த வசதி இல்லை. அது கிடந்த இடத்தில் கிடக்கும்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்குக் கூடத்தில் ஏதோ விழுந்த ஓசை கேட்டு ஓடினோம். அம்மா தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். பாயிலிருந்து எழ முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து எழ முயன்றிருக்கிறார், நாற்காலி வழுக்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, இடது மணிக்கட்டு மட்டும் வீங்கியது. இந்த வயதில் தரையில் படுத்து எழுவது இனிக் கூடாது, கட்டில் போடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். எங்களுக்கும் அதில் ஐயமில்லை. அன்றைக்கே கடைக்குப் போயிருப்போம்.

“கட்டிலு போட்டேளோ, நான் ஊருக்குப் போயிருவேன்” என்றார் அம்மா. ஊர் என்றால் அம்பாசமுத்திரம் பக்கம். அங்கே இப்போது எங்களுக்கு வீடு இல்லை.

காரணம் எங்களுக்குத் தெரியும், அதைச் சொல்ல மூவருக்கும் நா எழவில்லை. அப்பா 2016இல் பக்கவாதம் வந்து விழுந்தபோது இதே கூடத்தில்தான் இரும்புக் கட்டில் போட்டோம். பதினொரு மாதம். கட்டில் வந்த நாளிலிருந்து அது கூடமாக இல்லை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மகனின் நண்பர்கள் வருவது நின்றது. கட்டிலைச் சுற்றி நடந்து நடந்து எங்கள் இடுப்பில் அதன் இரும்பு முனை இடித்த தழும்பு எல்லோருக்கும் உண்டு. அம்மா அக்கட்டிலின் கீழே, அதே பத்தமடைப் பாயில் படுத்திருந்தார். அப்பா கையைத் தொங்கவிட்டால் அம்மாவின் தலையில் படும்.

பழந்தமிழில் கட்டில் என்பது படுக்கையை மட்டும் குறித்ததன்று. அரசுகட்டில் என்றால் அரியணை. முரசுகட்டில் என்று ஒன்றும் இருந்தது. வீரமுரசத்தை நீராட்ட எடுத்துச் சென்றிருந்த வேளையில், வந்த களைப்பில் மோசிகீரனார் அதன்மேல் ஏறிப் படுத்துறங்கிவிட, தண்டிக்க வேண்டிய சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அவருக்குக் கவரி வீசி நின்ற செய்தியைப் புறநானூறு சொல்கிறது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை, நடத்துகிற எங்களுக்கும்தான். ஆனால் பாண்டியன் ஒருவனுடைய பெயரை மட்டும் அப்பாவின் காலத்துக்குப் பிறகு நிறுத்தாமல் சொல்ல முடிவதில்லை. ஆரியப்படை கடந்தவன், அரசுகட்டிலில் துஞ்சியவன், நெடுஞ்செழியன். துஞ்சுதல் என்றால் உறங்குதல் என்று ஒரு பொருள், இறத்தல் என்று ஒரு பொருள். அம்மா தமிழ் இலக்கியம் படித்தவரல்லர். ஐந்தாம் வகுப்பு. எனினும் கட்டில் என்ற சொல்லை அவர் அந்த இரண்டாவது பொருளோடுதான் கேட்கிறார்.

அப்பா போன பதினாறாம் நாள் கழிந்ததும் அந்தக் கட்டிலை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டோம். கூடத்தில் அது நின்ற நான்கு இடங்களிலும் தரையோட்டில் துரு வட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அமிலம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஆக, தம்பி அனுப்பிய வரைபடங்களை அம்மாவிடம் எப்படிக் காட்டுவது என்று எங்களுக்குத் தயக்கம். இரண்டு நாள் ஒத்திப் போட்டோம். மூன்றாம் நாள் மகன் சட்டென்று கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, “ஆச்சி, சித்தப்பா ரயில் பெட்டி வாங்கப் போறாங்க” என்றான்.

அது நல்ல உவமையாகப் போயிற்று. அம்மா உடனே புரிந்துகொண்டார். எங்கள் வீட்டிலிருந்து கேட்டால், அரக்கோணம் தடத்தில் இரவெல்லாம் வண்டிகள் போகிற ஓசை. நீலகிரி விரைவு வண்டி போனால் மணி ஏறத்தாழ ஒன்பதரை, பாய் விரிக்கும் நேரம் என்பது அம்மாவின் கணக்கு. அவருக்கு ரயில் பெட்டியின் படுக்கைகள் பற்றித் தெரியாததில்லை. எங்களைக் காட்டிலும் நன்றாகவே தெரியும்.

இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டியைப் பற்றிச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு தடுப்புக்கு எட்டுப் படுக்கைகள். பழைய பெட்டியில் 72 பேர். இவை நம் பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்தவை. மேல் படுக்கை ஒன்றுதான் உண்மையான நிலைக்கட்டில். ஏறினால் ஏறியதுதான், விடியும் வரை எவரும் எழுப்ப மாட்டார்கள், பகலில்கூடப் படுத்திருக்கலாம். நடுப்படுக்கையோ பகலில் முதுகுச் சாய்மானம், இரவில் சங்கிலியில் தொங்கும் கட்டில். அதை எப்போது தூக்கி மாட்டுவது என்பதில் எழுந்த சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை என்று இருந்ததை 2017இல் பத்து முதல் ஆறு என்று ரயில்வே மாற்றியதற்கு, தூங்கத் தொடங்கியவர்கள் தூங்கிக்கொண்டே இருந்தது காரணம் என்றார்கள். கீழ்ப்படுக்கைக்காரர் பாவம், அவர் படுக்கை எல்லோரும் உட்காரும் பலகை. எதிர்ப்படுக்கைக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும்.

பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கைதான் தம்பி அனுப்பிய முதற்படம். பகலில் எதிரெதிர் இரண்டு ஒற்றை இருக்கைகள். முதுகுப் பலகைகளைச் சாய்த்து நடுவில் சேர்த்தால் படுக்கை. சேருமிடத்தில் சரியாக இடுப்பின் கீழே மேடும் பள்ளமும் வரும். பிற்காலப் பெட்டிகளில் அதை மறைக்க மேலே விழும் தனிப்பலகை ஒன்று வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். முன்பு அதெல்லாம் இல்லை.

2018 மே மாதம், ஓர் உறவினர் திருமணத்துக்காக நெல்லை விரைவு வண்டியில் போனோம். எங்களுக்கு மேல் படுக்கைகள் உறுதியாகிவிட்டன. அம்மாவின் சீட்டு கடைசிவரை ஆர்ஏசியில் நின்றது. பக்கவாட்டில் பாதி இருக்கை. அதாவது ஒரு படுக்கைக்கு இருவர். மற்றப் பாதி, விருத்தாசலத்தில் இறங்க வேண்டிய ஓர் அம்மாளுடையது. இரண்டு பேரும் கால் நீட்ட முடியாமல் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். மேலே படுத்திருந்த எங்களுக்கு உறக்கம் வரவில்லை. இறங்கிவந்து, எவரிடமாவது கீழ்ப்படுக்கையை மாற்றிக் கேட்கவா என்றோம். அம்மா வேண்டாம் என்று கையை அசைத்தார். இருவரும் தத்தம் கணவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றி அம்மா எங்களிடம் ஒருபோதும் சொல்லாதவற்றை, விளக்கணைத்த பெட்டியில், பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே போய்ப் படுத்துக்கொண்டோம். அந்த அம்மாள் இறங்கியபின் படுக்கையைச் சமமாக்கி அம்மா படுத்ததையும் மேலிருந்தே பார்த்தோம்.

ஆகவே படங்களைப் பார்த்து அம்மா கேட்ட முதற்கேள்வி எங்களைத் திகைக்க வைக்கவில்லை. “இதுல படுக்கைய விரிச்சிட்டா, பொறவு பிள்ளையள் எங்க உக்காரும்?”

அதுதான் முழு வினாவும். அம்மாவுக்கு ஒன்பதரைக்கு உறக்கம் வரும். இங்கிலாந்தின் கோடையில் ஒன்பதரைக்குத்தான் பொழுதே சாயும். பேரப்பிள்ளைகள் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். விரிக்கும் படுக்கை என்றால் ஒருவர் படுக்க எல்லோரும் எழுந்திருக்க வேண்டும். அம்மா எழுப்ப மாட்டார், கண்ணைச் சொருகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். நிலைக்கட்டில் என்றால் தடுப்பை இழுத்துவிட்டுப் பின்னால் போய்ப் படுக்கலாம். அம்மாவுக்கு வசதி நிலைக்கட்டில்தான் என்று நாங்கள் இருவரும் ஒரு மனதாகச் சொன்னோம். எடைக் கணக்கையும் காரின் விலையையும் மறைத்துவிட்டோம், அது பிழை. மகன் உளறிவிட்டான்.

“எனக்குன்னு ஒண்ணும் வாங்காண்டாம்னு சொல்லு அவன்கிட்ட.” குரலில் கோபமில்லை. “அங்கயும் ஒரு கட்டிலா?”

அந்த ‘அங்கயும்’ என்பதில் உள்ள உம்மையை எப்படி இலக்கணம் சொல்லி விளக்குவது? இறந்தது தழீஇய எச்சவும்மை என்று நூற்பா சொல்லும். நாங்கள் அன்றிரவு அப்பாவைப் பற்றிப் பேசினோம். எட்டாண்டுகளுக்கும் மேலாகப் பேசாததை, கூடத்தில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பேசினோம். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். அப்பா அந்தக் கட்டிலில் படுத்த முதல் வாரம், “என்னை ஒரு நாளாவது கீழே இறக்கிப் படுக்க வையேன்” என்று கேட்டாராம். நாங்கள் கல்லூரிக்கும் வங்கிக்கும் போயிருந்த நேரம். அம்மாவால் தனியே இறக்க முடியவில்லை. எங்களிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் நாங்கள் மருத்துவர் கூடாதென்றார் என்றுதான் சொல்லியிருப்போம். அதுவும் அம்மாவுக்குத் தெரியும்.

மறுவாரம் பட்டாபிராமில் எங்களுக்குப் பழக்கமான தச்சர் ஒருவரை அழைத்துவந்தோம். கட்டில் என்ற சொல்லை எவரும் எடுக்கக் கூடாதென்று முன்பே பேச்சு. கூடத்தின் சன்னலோரம் ஒரு திவான். சாய்மானம் இல்லை, கால்மாட்டுப் பலகை இல்லை. பார்த்தால் நீண்ட திண்ணை. உயரம்தான் முக்கியம். கடைகளில் விற்பவை மெத்தையோடு சேர்ந்து இருபத்து மூன்று, இருபத்து நான்கு அங்குலம் வரை போகின்றன; அம்மாவின் கால் தரையில் படாது. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்காலின் மடிப்பு வரை தச்சர் அளந்தார். பதினாறரை. மெத்தை வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதால் பலகையையே பதினேழு அங்குலத்தில் வைத்துவிட்டார். எழும்போது பிடித்துக்கொள்ள, சன்னல் கம்பியை ஒட்டி ஒரு மரப்பிடி. பகலில் அதன்மேல் நாங்கள்தான் உட்கார்ந்து காய் நறுக்குகிறோம், விடைத்தாள் திருத்துகிறோம். துரு வட்டங்களில் இரண்டு அதன் அடியில் மறைந்துவிட்டன.

அம்மா அதன்மேல் படுக்கிறார். ஆனால் பாயை விரித்துத்தான். காலை ஐந்து மணிக்குச் சுருட்டிப் பழையபடி பீரோவின் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்.

இதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியபோது அவனுக்கு வேறொரு வழி தோன்றியிருக்கிறது. விரிக்கும் வண்டியில் இரு பக்க இருக்கைகளையும் சேர்த்துப் பாலம் போட்டால்தானே தொல்லை? சேர்க்காமலே ஒவ்வோர் இருக்கையையும் ஒற்றைக் கட்டிலாக வைத்துக்கொள்கிறவர்கள் அங்கே நிறைய உண்டாம். சட்டம் இழுக்க வேண்டாம், மெத்தை அடுக்க வேண்டாம். ஒரு போர்வை போதும். அம்மா ஒரு பக்கம் படுத்துக்கொள்ள, எதிர்ப்பக்கம் பிள்ளைகள் சீட்டாடலாம். அம்மாவுக்கு அந்த வெளிச்சமும் பேச்சும் இருந்தால்தான் உறக்கம் வரும் என்பது அவனுக்கும் நினைவிருக்கிறது. காரும் மாற்ற வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து வேல்ஸ் கடற்கரைக்குப் போய்ப் பார்ப்பதாக முடிவு. எங்களுக்கு ஒரே ஓர் ஐயம்: இருக்கையின் உயரம். அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறோம்.

அவன் பதிலுக்கு நீளத்தைக் கேட்டு எழுதியிருந்தான். இருக்கைகள் வண்டிக்கு வண்டி மாறுபடுகின்றனவாம். சிலவற்றில் ஐந்தேகால் அடிதானாம். அம்மாவின் உயரம் என்ன?

எங்கள் எவருக்கும் தெரியவில்லை. மகனின் அறைக் கதவுநிலையில் அவனுடைய மூன்றாம் வயதிலிருந்து பென்சில் கோடுகள் இருக்கின்றன. நேற்று மாலை அம்மாவை அங்கே நிறுத்தி, தலையில் அளவுகோலை வைத்து அவனே கோடு போட்டான். நான்கடி பத்தங்குலம். அவனுடைய பத்தாம் வயதுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே. அம்மா திரும்பிப் பார்த்து, அந்தக் கோட்டின் பக்கத்தில் தேதி எழுதச் சொன்னார்.